மூன்று கணினி, ஒரு சந்தா: ஒரு ஸ்டூடியோ திருட்டு போட்டோஷாப்பை விட்ட விதம்

பின்னணி

மதுரைக்குத் தெற்கே ஒரு தாலுகா ஊர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபத்தைந்து வருஷமாக நடக்கும் போட்டோ ஸ்டூடியோ. முதலாளி அண்ணாச்சி பிலிம் காலத்து ஆள். டிசைன் வேலைக்கு ஓர் அக்கா; பதினெட்டு வருஷமாக அதே மேசை. கல்யாண வீடுகளுக்குக் கேமரா தூக்கவும், மற்ற நேரத்தில் கவுண்டரில் நிற்கவும் ஒரு பையன். நான் அந்தப் பக்கத்துக் கடைகளுக்குக் கணினி பார்த்துக் கொடுப்பவன். அவர்கள் மூவரின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கடையில் மூன்று கணினிகள். மூன்றிலும் போட்டோஷாப் இருந்தது. ஒன்றுக்கும் பில் இல்லை. கவுண்டரிலும் உள்ளறையிலும் சிஎஸ்6. 2012-ல் வந்த அதுதான் ஒரு தடவை காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு. 2013-லிருந்து போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி சந்தா முறைக்குப் போய்விட்டது. காசு கொடுத்து வாங்காதவர்களுக்கு அதனால் என்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது. பழைய பதிப்பு கையில் இருக்கிறவரை ஓடும். புதிய வசதி வேண்டுமென்றால் யாரோ உடைத்துப் போட்ட கோப்பை எங்கிருந்தோ இறக்க வேண்டும். அக்காவின் கணினியில் அதுதான் நடந்தது.

2023 வைகாசி: பூட்டப்பட்ட கோப்புகள்

தலைமுடியோடு சேர்த்து ஆளை ஒரே சொடுக்கில் வெட்டியெடுக்கும் வசதிக்காக, புதிய பதிப்பு ஒன்றை ஒரு டெலிகிராம் இணைப்பிலிருந்து இறக்கி நிறுவியிருந்தார்கள். நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது, அணைத்தார்கள். மறுநாள் காலையில் எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னும் அதுவரை பார்த்திராத நாலெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கட்ட வேண்டும், 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490.

ஸ்டாப் டிஜேவியு என்ற வகை வைரஸ் அது. திருட்டு மென்பொருள் வழியாகவே பெரும்பாலும் பரவுவது. பூட்டைத் திறக்க இலவசக் கருவி ஒன்று உண்டு. ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி போட்டுப் பூட்டியிருந்தால் அது உதவாது. இங்கே தனிச் சாவி. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் அன்றிரவு கணினியில் செருகியபடியே இருந்ததால், அதுவும் போனது.

பணம் கட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கட்டினாலும் திறப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு கல்யாணத்தின் மெமரி கார்டுகளை இன்னும் அழிக்கவில்லை. அது முழுசாகத் தப்பியது. இன்னொரு கல்யாணத்துக்கு, இந்த வைரஸ் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டும் என்பது கைகொடுத்தது. நிக்கான் கேமராவின் நெஃப் கோப்புக்குள் (திருத்தாத மூலப் படம், ரா கோப்பு என்பார்கள்) கேமராவே ஒரு முழு அளவு ஜேபெக்கையும் வைத்திருக்கும். பூட்டுக்கு அப்பால் கிடந்த அந்த ஜேபெக்குகளைத் தோண்டி எடுத்தோம். முடித்து அனுப்பிய ஆல்பங்கள் அச்சடிக்கும் லேபில் ஜேபெக்காக இருந்தன. ஆனால் அக்கா லேயர் லேயராக (அடுக்கடுக்காக) சேர்த்து வைத்திருந்த போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளில் பெரும்பகுதி திரும்பவில்லை. ஆல்பப் பக்கங்களுக்கு விலைக்கு வாங்கிய தயார் டிசைன்கள், அதாவது டெம்ப்ளேட் டிவிடிகள், பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவர் அவற்றில் செய்த மாற்றங்கள்தான் போயின.

அண்ணாச்சி அன்றைக்கு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, ஓசியில வேற என்ன இருக்கு?”

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் முதலில் சட்டத்தைச் சொன்னேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினியில் பயன்படுத்தினால் 7 நாளுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் தளர்த்தலாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போர்டு மாட்டிய கடை அப்படிச் சொல்ல முடியாது. அவருக்கு அந்த எண்கள் புதிது. பத்து நிமிஷம் பேசவில்லை.

ஒரு வார நோட்டு

இலவச மென்பொருள் என்று தேடினால் பத்துப் பெயர் வரும். அதில் எது போட்டோஷாப்புக்குச் சமம் என்று அடுக்கிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போட்டோஷாப்பை யாரும் முழுசாகப் பயன்படுத்துவதில்லை. அதனால் மூன்று மேசையிலும் ஆளுக்கு ஒரு நோட்டு வைத்து, ஒரு வாரத்துக்கு வந்த வேலை, அதற்குத் தொட்ட கருவி இரண்டையும் எழுதச் சொன்னேன். அக்கா ஒழுங்காக எழுதினார். பையன் இரண்டு நாள் எழுதிவிட்டு விட்டான். மீதி நாளுக்கு நானே உட்கார்ந்து எழுதினேன்.

நோட்டில் தெரிந்தது இது. வந்த வேலைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கவுண்டர் வேலை: பாஸ்போர்ட் சைஸ் படம், தேர்வு விண்ணப்பத்துக்கான படம், கையெழுத்து ஸ்கேன். அதற்கு வெட்டுதல், வெளிச்சம் ஏற்றுதல், பின்னணியை வெள்ளையாக்குதல், அளவு குறைத்தல், இவ்வளவுதான் வேண்டும். அடுத்தது பிரேம் போடும் படங்கள், பழைய போட்டோ சரிசெய்தல், கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். எண்ணிக்கையில் குறைவானது கல்யாண ஆல்பம். ஆனால் கடைக்கு வரும் காசில் பெரும்பகுதி அதில்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. கவுண்டரில் அளவு குறைக்க இர்ஃபான்வியூ வைத்திருந்தார்கள். “இது மட்டும் நியாயமானது, ஃப்ரீ” என்றான் பையன். வீட்டு உபயோகத்துக்குத்தான் அது இலவசம். கடையில் வைத்தால் உரிமம் வாங்க வேண்டும். இலவசம் என்று எழுதியிருக்கும் பலவற்றில் இந்த வரி கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

எடுத்த முடிவுகள்

மூன்று கணினிக்கும் சந்தா கட்டுவது முதலில் பேசிய வழி. மூன்று சந்தாவை வருஷக் கணக்கில் பெருக்கி நோட்டின் பின்னட்டையில் எழுதிக் காட்டினேன். அண்ணாச்சி அட்டையைத் திருப்பி வைத்துவிட்டார். எல்லாவற்றையும் இலவசத்துக்கு மாற்றுவது அவர் விரும்பிய வழி. நான் சொன்னது, வேலைக்கு வேலை பிரித்து முடிவெடுக்கலாம் என்று.

கவுண்டருக்கு ஜிம்ப்: நிரலே எல்லோருக்கும் திறந்திருக்கும், அதாவது திறந்த மூல, இலவசப் படத்திருத்த மென்பொருள். அன்றைக்கு 2.10 பதிப்பு. 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. கடையில் வைக்கலாமா வீட்டில் வைக்கலாமா என்ற பேச்சே அதன் உரிமத்தில் இல்லை. கூடவே படங்களைக் கட்டளை கொடுத்து மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளை வைத்து நான் எழுதிக் கொடுத்த ஒரு சின்ன நிரல். 35-க்கு 45 மில்லிமீட்டர் படம் ஒன்றை அந்த ஐகான் மேல் இழுத்துவிட்டால், படத்தைப் படுக்கப் போட்டு 4-க்கு 6 அங்குலத் தாளில் எட்டாக அடுக்கும். நேராக அடுக்கினால் ஆறுதான் அடங்கும். விண்ணப்பப் படத்துக்கு இன்னொரு ஐகான்: வங்கித் தேர்வு கேட்கும் 20 முதல் 50 கேபிக்குள் கோப்பை அதுவே அடக்கிக் கொடுக்கும்.

ரா கோப்புகளுக்கு முதலில் டார்க்டேபிள் என்ற திறந்த மூல மென்பொருளைக் காட்டினேன். எனக்குப் பிடித்த மென்பொருள். அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கேமராத் திரையில் பார்த்த நிறம் அதில் திறந்ததும் வரவில்லை, எல்லாம் வெளிறித் தெரிந்தது. கேமராவின் பிக்சர் கன்ட்ரோல் என்ற நிற அமைப்பை டார்க்டேபிள் எடுத்துக்கொள்வதில்லை. நாமே கட்டியெழுப்ப வேண்டும். முகூர்த்தத்துக்கு ஆயிரம் படம் எடுப்பவனுக்கு அதற்கு நேரம் இல்லை. இரண்டு நாளில் அதை விட்டுவிட்டு, நிக்கான் நிறுவனமே இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்டூடியோவைப் போட்டோம். கேமராவில் பார்த்த நிறம் அப்படியே வந்தது. திறந்த மூல மென்பொருள் இல்லைதான். வேலை நடந்தது.

ஆல்பம்தான் இடித்தது. ஜிம்ப்பில் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு நிற முறை) இல்லை என்பதை இணையத்தில் எல்லோரும் பெரிய குறையாகச் சொல்வார்கள். இந்தக் கடைக்கு அது குறையே இல்லை. லேப் கேட்பது எஸ்ஆர்ஜிபி ஜேபெக், அதாவது திரைக்கான சாதாரண நிற முறையில். பிளக்ஸ் கடையில் அந்த மாற்றத்தை அவர்கள் மெஷினே செய்துகொள்ளும். உண்மையான தடை டெம்ப்ளேட். கரிஷ்மா எனப்படும் டிசைன் ஆல்பத்துக்கு விற்கும் பிஎஸ்டிகள் முழுக்கக் கிளிப்பிங் மாஸ்க் (படத்தைச் சட்டத்துக்குள் அடக்குவது), லேயர் ஸ்டைல் (நிழல், ஓரக்கோடு போடுவது) என்றே கட்டப்பட்டவை. ஜிம்ப் 2.10-ல் திறந்தபோது பல பக்கங்களில் சட்டத்துக்குள் நிற்க வேண்டிய படம் வெளியே வழிந்தது, நிழலும் ஓரக்கோடும் காணாமல் போயின.

பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீயில் அதே கோப்புகள் ஒழுங்காகத் திறந்தன. கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போவதும் இல்லை. ஆனால் 12-க்கு 36 அங்குல ஷீட் 300 டிபிஐயில் 3,600-க்கு 10,800 புள்ளி. முழு அளவு லேயர் ஒன்றுக்கே 155 எம்பி நினைவகம் வேண்டும். இருபது லேயர் என்றால் 3 ஜிபி. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் நாலாவது பக்கத்திலேயே பிரவுசர் திணறியது.

கடைசியில் முடிவானது: அக்காவின் கணினிக்கு மட்டும் ஆல்பத்துக்காக முறையான போட்டோஷாப் சந்தா ஒன்று. மற்ற இரண்டிலும் இலவச மென்பொருள் மட்டும். அக்காவும் ஆல்பம் தவிர மற்றதை ஜிம்ப்பில் செய்து பழகுவது, எப்போதாவது சந்தாவை நிறுத்த வேண்டி வந்தால் கை கட்டிப்போகாமல் இருக்க. சந்தா எடுக்கும்போது மாதத் தவணையில் கட்டும் வருஷ ஒப்பந்தமா, நிஜமான மாதச் சந்தாவா என்று பார்த்து எடுக்கச் சொன்னேன். முதல் வகையை இடையில் நிறுத்தினால் மீதித் தொகையில் ஒரு பங்கு கட்ட வேண்டிவரும்.

ஆடி மாதம்

ஆடியில் முகூர்த்தம் இல்லை. மாற்றத்தை அதற்குத் தள்ளி வைத்தது நல்ல முடிவு. முதல் நாள் காலை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதி மணி நேரம் கழித்து, “தம்பி, நான் ஒரு படம்தான தொறந்தேன், இங்க பதினோரு படம் நிக்குது” என்றார்.

போட்டோஷாப்பில் தெரிவை (வேலை செய்யக் குறித்த பகுதியை) நீக்க கன்ட்ரோலோடு ‘D’. அவர் விரல் அதைக் கேட்காமலே அழுத்தும். ஜிம்ப்பில் அதே விசை படத்தை முழுசாக நகல் எடுக்கும். படத்தின் அளவை மாற்ற அவர் பழக்கத்தில் கன்ட்ரோலோடு ‘T’ எழுத்தை அழுத்தினால், அங்கே தெரிவைச் சுற்றி ஓடும் எறும்புக்கோடு கண்ணுக்கு மறையும். தெரிவு இருக்கும், கோடு மட்டும் தெரியாது. போய்விட்டது என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து வெட்டுவார். மதியத்துக்குள் மூன்று தடவை எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். மென்பொருளில் வசதி இல்லை என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “கை தப்புது” என்றார்.

அன்று மாலை அவருடைய கணினியில் மட்டும் ஏழு விசைகளை போட்டோஷாப் மாதிரி மாற்றி வைத்தேன். ஜிம்ப்பில் எந்த விசையையும் மாற்றிக்கொள்ளலாம். மொத்தமாக மாற்றித் தரும் போட்டோஜிம்ப் என்ற தொகுப்பும் உண்டு. அப்புறம் சத்தம் குறைந்தது.

பின்னணி வெட்டும் வேலையில் ஜிம்ப் தோற்றது. போட்டோஷாப் நொடியில் செய்வதை இங்கே தீட்டித் தீட்டிச் செய்ய வேண்டும். சுருட்டை முடி என்றால் பொறுமை போய்விடும். நான் பிளக்இன் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி உள்ளே போய், பிலிம் காலத்து வெள்ளைத் திரையைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். நீலத் துணி இருந்த இடத்தில் அதை மாட்டி, அதன் மேல் தனியாக ஒரு விளக்கைத் திருப்பினார். பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணி மாற்ற வேண்டிய தேவையே போனது.

கண்ணீர் அஞ்சலி

ஆடிக் கடைசியில் ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல், இறந்தவரின் பேரன் வந்தான். விடிவதற்குள் பிளக்ஸ் வேண்டும். வாசகம் வாட்ஸப்பில் இருந்தது: மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று நாற்பது பேருக்கு மேல்.

பதினெட்டு வருஷமாக இந்த வேலை எப்படி நடந்தது என்றால், வந்த வாசகத்தைப் பார்த்துப் பார்த்து பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் மறுபடி தட்டுவது. வாட்ஸப்பில் வரும் யூனிகோடு தமிழை சிஎஸ்6-ல் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். ‘கொ’ மூன்று துண்டாகும். புதிய போட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைப் போட்டுவிட்டால் சரியாக வரும். அப்படி ஒன்று இருப்பது கடையில் யாருக்கும் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

அக்கா ஜிம்ப்பைத் திறந்து வாசகத்தை ஒட்டினார். வந்தபடியே நின்றது, ஒரு கொம்பு பிசகவில்லை. நாற்பது பெயரைத் தட்டுகிற வேலையும், அதில் வரும் பிழையும், காலையில் “எங்க மாமா பேரத் தப்பா போட்டுட்டீங்க” என்று வரும் சண்டையும் இல்லாமல் போனது. எழுத்துக்கு வெள்ளை ஓரம் போடத்தான் சுற்றி வளைக்க வேண்டியிருந்தது: எழுத்தைத் தெரிவாக்கி, அதைப் பெருக்கி, கீழ் லேயரில் நிறம் ஊற்றி. பதினொன்றரைக்குக் கோப்பு பிளக்ஸ் கடைக்குப் போனது. ஜிம்ப்பை அவர் ஏற்றுக்கொண்டது அந்த ராத்திரிதான். நான் மூன்று வாரம் பேசியதால் இல்லை.

ஆவணி: லேபுக்குப் போன கோப்பு

முதல் முகூர்த்த வாரத்திலேயே ஒன்று தவறியது. வரவேற்பு மேடைக்கு வைக்க 20-க்கு 30 அங்குலப் படம் இரண்டு. பையன் ஜிம்ப்பில் முடித்து, கன்ட்ரோல்-எஸ் அடித்து, பென்டிரைவில் போட்டுக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினான். லேபில் கோப்பு திறக்கவில்லை. ஜிம்ப்பில் சேமித்தால் அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்புதான் கிடைக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். அக்கா உள்ளறைக் கணினியிலிருந்து ஜேபெக் எடுத்து லேபின் மெயிலுக்கு அனுப்பி, ஒரு மணி நேரத் தாமதத்தோடு தப்பித்தார்கள். மறுநாள் மூன்று மானிட்டரின் ஓரத்திலும் ஒரு துண்டுச் சீட்டு: “லேபுக்கு ஜேபெக். எக்ஸ்போர்ட் பண்ணு.”

அதன் பிறகு

ஐப்பசிக்குள் கவுண்டர் முழுசாக மாறிவிட்டது. பாஸ்போர்ட் படம் முன்னைவிட வேகம். காரணம் ஜிம்ப் இல்லை, வெள்ளைத் திரையும் அந்த ஐகானும். முகத்தில் தழும்பு, பரு எடுக்கும் வேலையில் அக்காவுக்கு ஜிம்ப்பின் வேவ்லெட் டிகம்போஸ் பிடித்துப்போனது. தோலின் நிறத்தையும் சொரசொரப்பையும் தனித்தனி லேயராகப் பிரித்துக் கொடுக்கும் அது. மெழுகு பொம்மை முகம் வராது. ஆல்பம் இன்றைக்கும் போட்டோஷாப்பில்தான். அதை ஜிம்ப்புக்குக் கொண்டுவர இரண்டு தடவை முயன்று விட்டுவிட்டோம். பேக்கப் இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று எப்போதும் அண்ணாச்சி வீட்டில்.

2025 மார்ச்சில் ஜிம்ப் 3.0 வந்தது. எழுத்துக்கு ஓரம் போடுவது அதில் ஒரு பொத்தானாகிவிட்டது; போட்ட ஃபில்டரைப் பிறகு மாற்றவும் முடிகிறது. அதே வருஷ அக்டோபரில், போட்டோஷாப்புக்குப் போட்டியான அஃபினிட்டி என்ற மென்பொருள் இலவசமானது. முந்தைய ஆண்டு அந்த நிறுவனத்தை வாங்கியிருந்த கேன்வா, ஒரு கணக்கு திறந்தால் போதும் என்று அறிவித்தது. அண்ணாச்சி உடனே சந்தாவை நிறுத்தலாமா என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அஃபினிட்டி பல வருஷமாக இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாமல் இருந்த மென்பொருள். எங்கள் டெம்ப்ளேட்டும் தமிழும் அதில் எப்படி வருகின்றன என்று ஓர் ஆல்பம் முழுக்கச் செய்து பார்த்துவிட்டுத்தான் முடிவு. அதோடு, ஒரு நிறுவனம் இன்று இலவசமாகத் தருவதை நாளை மாற்றிக்கொள்ளலாம். ஜிம்ப்பில் அப்படிப் பிடுங்க யாருக்கும் வழியில்லை.

மறுபடி செய்தால்

நோட்டு எழுதுவதை வைரஸ் வரும்வரை தள்ளியிருக்கக் கூடாது. அது எந்த மாதத்திலும் செய்யக்கூடிய வேலை. டார்க்டேபிளில் இரண்டு நாளை வீணாக்கியது என் விருப்பத்தை அவர்கள் மேல் திணித்ததால். போட்டோஷாப்பின் தமிழ் அமைப்பை முதலிலேயே தேடியிருக்க வேண்டும். எக்ஸ்போர்ட் விஷயத்தை முதல் நாளே பத்துத் தடவை செய்ய வைத்திருக்க வேண்டும்.

பயிற்சியை அக்காவிடம் தொடங்கியதும் தவறு. நன்றாகத் தெரிந்தவர் முதலில் கற்றால் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவார் என்று கணக்குப் போட்டேன். பதினெட்டு வருஷப் பழக்கத்தை மறக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. போன வருஷம் கவுண்டருக்கு ஒரு பெண் சேர்ந்தாள். கணினியில் படம் தொடுவதே முதல் தடவை. ஜிம்ப்பை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். கார்த்திகையில் அக்கா லீவு போட்ட ஒரு நாள், ஆல்பத்தில் ஒரு படத்தை மாற்ற அவளைப் போட்டோஷாப்பில் உட்கார வைத்தார்கள். தெரிவை நீக்க ஜிம்ப்பில் பழகியபடி கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘A’ மூன்றையும் சேர்த்து அழுத்தியிருக்கிறாள். அங்கே அது கேமரா ரா ஜன்னலைத் திறக்கும். அக்காவுக்குப் போன் வந்தது: “அக்கா, இதுல தொட்டாலே என்னமோ தொறக்குது, நம்ம கவுண்டர்லயே பண்ணிடட்டுமா?”